பாட்டில் மழைமானியும் பிள்ளைகளின் பதிவேடும்: கேள்வி பதில்

சென்னையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு தினமும் வானிலை குறிக்கிறேன். வேலூர்ப் பள்ளி ஒன்றும் நாங்களும் ஒரே கூகுள் ஷீட்டில் பதிவு போடுகிறோம். இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

மழைமானி வாங்கப் பள்ளியில் காசில்லை சார். பாட்டில் போதுமா? (குரோம்பேட்டை)

தாராளமாகப் போதும் டீச்சர். சுவர் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டிலை, கழுத்து சரியத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்பாதியைப் புனல்போலக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே 0 என்று கோடு போட்டு ஸ்கேலை ஒட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வகுப்புத் தரையில் சாக்பீஸால் ஒரு சதுர மீட்டர் வரைந்து இதைக் காட்டுங்கள், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். வேப்பமரத்தடியும் சன்ஷேடு ஓரமும் வேண்டாம்.

எத்தனை மணிக்குப் பார்ப்பது? (பெரம்பூர்)

காலை 8.30. வானிலை ஆய்வு மையமும் அந்த நேரம் வரையிலான 24 மணி நேர மழையைத்தான் சொல்கிறது. திங்கள் மதியம் பெய்தது செவ்வாய்க் கணக்கில் வரும். சனி, ஞாயிறு பார்க்கவில்லையா? திங்களன்று மொத்தத்தை எழுதி, 'மூன்று நாள்' என்று குறியுங்கள். மூன்றால் வகுத்துப் போடாதீர்கள்.

எங்கள் அளவு நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் அளவோடு ஒத்துப்போகவில்லை. திருத்தலாமா? (மேடவாக்கம்)

தயவுசெய்து திருத்தாதீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் 18 என்று எழுதியிருந்தான். செய்தியில் வேறு எண்ணைப் பார்த்ததும் அழித்துவிட்டான். ரப்பர் தேய்த்ததில் நோட்டே கிழிந்திருந்தது. அவன் பார்த்ததுதான் சரி. 2015 டிசம்பர் 2 காலை வரையான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. ஊருக்குள்ளேயே மழை அப்படி மாறும். உங்கள் தெருவில் பெய்ததைச் சொல்ல உங்கள் பிள்ளைகளை விட்டால் ஆளில்லை.

பிப்ரவரிக்குப் பிறகு மழையே இல்லையே, என்ன எழுதுவது? (அம்பத்தூர்)

0 என்று எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தால் 'பார்க்கவில்லை' என்றாகிவிடும். பார்த்தோம், பெய்யவில்லை என்பதும் ஒரு பதிவுதான். வெயில் மாதங்களில் வெப்பநிலைக்கு மாறிக்கொள்ளுங்கள். கடற்காற்று உள்ளே வந்ததும் நம் பக்கம் சூடு தணியும், வேலூர்ப் பிள்ளைகளின் கட்டத்தில் அது ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், "சார், அவங்க ஊர்ல கடல் இல்லையா?" என்று ஒரு சிறுமி தானே கேட்டாள். நான் பாடம் நடத்தியிருந்தால்கூட அந்தக் கேள்வி வந்திருக்காது. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் நிழல் காலடியில் மறைவதையும் காட்டுங்கள்.

வெளிநாட்டுப் பள்ளிகளோடு சேர முடியுமா? (அடையாறு)

முடியும். பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வானிலையையும் சுற்றுச்சூழலையும் அளந்து பகிரும் குளோப் திட்டம் 1995இல் அமெரிக்காவில் தொடங்கியது, அதில் இந்தியாவும் இருக்கிறது. அதில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தையொட்டி அளப்பார்கள். மேகம் குறிக்க 'குளோப் அப்சர்வர்' ஆப் உண்டு, அது ஆசிரியர் போனில் இருக்கட்டும். பிள்ளைகள் பெயர் எங்கும் வேண்டாம், வகுப்பின் பெயர் போதும்.

இடி இடிக்கும்போது 8.30 ஆகிவிட்டால்? (திருவொற்றியூர்)

யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துப் போகலாம். பாட்டிலில் விழுந்த தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.