கொல்லை முழுக்கக் கோரை: ஆடிக்குள் காய்கறி போட முடியுமா?

கேள்வி: அப்பா போன பிறகு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இப்போது குடிவந்திருக்கிறோம். பின்னால் மூன்று சென்ட் கொல்லை, இடுப்பளவுக்குக் காடு. கோரை, அருகு, உண்ணிச்செடி, நாயுருவி எல்லாம் மண்டிக் கிடக்கிறது. ஆடியில் காய்கறி போட ஆசை. ஜேசிபி விட்டு ஒரே நாளில் வழித்துவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா. ஜேசிபி களையை மட்டும் வழிக்காது, மேலே இருக்கிற நல்ல மண்ணையும் சேர்த்து வாரி மூலையில் குவித்துவிட்டுப் போய்விடும். ஆறு வருஷமாக இலையும் சருகும் விழுந்து மக்கிய மண் அது, காசு கொடுத்தாலும் கிடைக்காது. இன்னொன்று, மூன்று சென்ட்டையும் ஒரே நாளில் திறந்து போட்டால், ஒரு மழை பெய்ததும் பதினைந்து நாளில் பழையபடி பச்சை போர்த்திவிடும், அப்புறம் மனசு விட்டுப்போகும். அந்த வாரத்தில் உங்களால் விதைக்கவோ மூடவோ முடிந்த இடத்தை மட்டும் திறங்கள். முதலில் அரை சென்ட் போதும், அதாவது இருநூறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. மீதி இடத்தைத் தரையோடு அறுத்து, பூ வைக்க விடாமல் வைத்திருங்கள்.

உள்ளே இறங்கும் முன் நல்ல வெளிச்சத்தில் நீளக் கழியால் தட்டிக்கொண்டே போங்கள், காலில் பூட்ஸ் இருக்கட்டும். ஆறு வருஷப் புதரில் விரியன் இருந்தால் ஆச்சரியமில்லை. யாரையாவது கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தீ வைத்துச் சுத்தம் செய்யச் சொல்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள், மண்ணுக்கு உரமாக வேண்டியது புகையாகப் போகும், கோரைக்கிழங்கோ உள்ளே பத்திரமாக இருக்கும்.

உண்ணிச்செடியை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும், கடப்பாரை போட்டு வேரோடு நெம்பி எடுக்க வேண்டும். அதன் தழையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள், விஷம்.

சரி, கோரைக்கு வருவோம், உங்கள் பெரிய வேலை அதுதான். ஒரு கோரையை நிதானமாகத் தோண்டிப் பாருங்கள். தாளுக்கு அடியில் ஒரு கறுப்புக் கிழங்கு, அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர், அதன் முனையில் இன்னொரு கிழங்கு என்று மணி கோத்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும், நசுக்கினால் ஒரு வாசனை வரும். கையால் இழுத்தால் தாள்தான் வரும், மணிகள் அத்தனையும் மண்ணில் நின்றுவிடும். எங்கள் கொல்லையில் முதல் வருஷம் நான் களைக்கொத்தால் மேலாகக் கொத்திவிட்டேன், பத்தாம் நாள் முன்பைவிட நெருக்கமாக வந்து நின்றது. பாலித்தீன் விரித்தும் பார்த்தேன், ஊசி மாதிரி குத்திக்கொண்டு வெளியே வந்தது. மறு வருஷம்தான் மண்வெட்டியால் ஒரு முழ ஆழத்துக்குக் கொத்தி, கட்டியை உடைத்து, கிழங்கைப் பொறுக்கிச் சட்டியில் போட்டு, மாடித் தளத்தில் சுருங்கிப்போகிற வரை காயவைத்தேன். பச்சையாகக் குப்பைக்குழியில் போட்டுவிடாதீர்கள், எருவோடு திரும்பி வரும். எவ்வளவு பொறுக்கினாலும் கொஞ்சம் தப்பும். தப்பியது முளைத்த இரண்டு மூன்று வாரத்துக்குள், புதுக் கிழங்கு வைப்பதற்கு முன், திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்தால் அடியில் இருக்கிற கிழங்கின் சத்து தீரும். கோடை உழவு கோடி நன்மை என்று சும்மா சொல்லவில்லை, இந்த வெயிலை விட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கம் களிமண்ணாக இருக்கும், ஈரமாக இருக்கும்போது கொத்தினால் செங்கல் மாதிரி இறுகிவிடும். ஒரு பிடி எடுத்துப் பிடித்து, விரலால் தட்டினால் உதிரவேண்டும், அதுதான் பதம்.

கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் ஆடியில் சட்டென்று தரையை மூடுகிற பயிர்களைப் போடுங்கள்: தட்டைப்பயறு, பரங்கி, வேலி ஓரத்தில் அவரை. கூடவே வெண்டை, விதைத்து ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். தக்காளியும் கத்தரியும் முதல் போகத்தில் வேண்டாம், களையோடு போராட அவற்றால் முடியாது. செடிக்குச் செடி நடுவில் வைக்கோலை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். அடுத்து திறக்கப்போகிற அரை சென்ட்டில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்து, பூக்கும் சமயம், சுமார் 45 நாளில், மடக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: காலி மனையில் தோட்டம் போட நினைத்தால் எங்கு பார்த்தாலும் பார்த்தீனியம். களைக்கொல்லி அடிக்கலாமா, உப்புத் தண்ணீர் தெளிக்கலாமா?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: இரண்டும் வேண்டாம். உப்புக்குப் பார்த்தீனியம் கருகும், உண்மைதான். ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கும், நாளைக்கு அதே இடத்தில் கீரை விதைக்க வேண்டியவர் நீங்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் வழியாகத் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசே உத்தரவு போட்டிருக்கிறது. 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி காற்றில் கொஞ்சம் பறந்தாலே பக்கத்து வீட்டுத் தக்காளி இலை சுருண்டுவிடும். மழை பெய்து மண் இளகிய மறுநாள் காலை, வெள்ளைப் பூ வருவதற்கு முன், வேரோடு பிடுங்குவதுதான் வழி. முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கை மூடத் துணி, மூன்றும் கட்டாயம். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரவைக்கிற செடி அது, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களை அந்தப் பக்கம் விடவே விடாதீர்கள். பூக்காத செடியை மக்கவைக்கலாம். பூத்துவிட்டதைச் சாக்கில் கட்டித் தனியாக வையுங்கள், ஒரு செடியிலிருந்தே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.

கேள்வி: களை எடுக்கும்போது எதையாவது விட்டுவைக்க வேண்டுமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கட்டாயம். குப்பைக்கீரை, மூக்கிரட்டை, கீழாநெல்லி, தும்பை இவை நீங்கள் விதைக்காமலே வந்தவை, வரப்போரம் கொஞ்சம் நிற்கட்டும். மூக்கிரட்டை என்று நினைத்துச் சாரணையைப் பறிப்பவர்கள் உண்டு, அதனால் முதல் தடவை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் சமையுங்கள். பலூன் மாதிரி காய் தொங்கினால் அது முடக்கத்தான், அறுக்காமல் வேலியில் ஏற்றிவிடுங்கள், வாரம் ஒருநாள் தோசை மாவோடு அரைக்க இலை கிடைக்கும்.