சீனியரின் பேட்ச்சை நான் எப்படி ரிவியூ செய்வது?

கேள்வி: சிங்கப்பூர் ஒன் நார்த்தில் ஒரு சின்ன கிளவுட் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் விர்ச்சுவல் மெஷின்கள் சில சமயம் பூட் ஆகும்போதே, டைமர் வேலை செய்யவில்லை என்று பேனிக் ஆகி (பிழைச் செய்தி காட்டி, மேலே தொடர முடியாமல்) நின்றுவிடுகின்றன. ஹைப்பர்வைசருக்குள் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) ஓடினால், அது எதுவாக இருந்தாலும், டைமர் சோதனையைச் செய்யாமலேயே தாண்டிவிடும்படி சீனியர் ஒருவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதி, என்னை ரிவியூ செய்யச் சொல்கிறார். அவரிடம் நான் என்ன கேட்பது?
- செங்காங் வாசகர்

பதில்: நிறையக் கேட்கலாம், தயங்காதீர்கள். பூட் ஆகும்போது கெர்னல் சுமார் 10 டிக் (டைமரின் ஒரு துடிப்பு ஒரு டிக்) நேரம் காத்திருந்து, அதற்குள் டிக் எண்ணிக்கை 4-ஐத் தாண்டியதா என்று பார்க்கும். நிஜ மெஷினில் தாண்டவில்லை என்றால் டைமர் சிபியுவுக்கு அனுப்பும் இன்டர்ரப்ட் என்ற சிக்னல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். விர்ச்சுவல் மெஷினில் அப்படிச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஹோஸ்ட், அதாவது அதைத் தாங்கும் நிஜ மெஷின், வேறு வேலையில் மூழ்கி உங்கள் சிபியுவை ஓரமாக உட்கார வைத்திருந்தால், டைமர் நன்றாக இருந்தும் டிக் தவறிப்போகும், சோதனை தோற்கும். ஆக, சீனியரின் யோசனை தப்பில்லை. கேவிஎம், விஎம்வேர் என்ற இரண்டு ஹைப்பர்வைசர்களுக்கும் கெர்னல் இந்தச் சோதனையை ஏற்கெனவே தாண்டத்தான் செய்கிறது.

என் கவலை, 'எந்த ஹைப்பர்வைசராக இருந்தாலும்' என்கிற அந்த நிபந்தனை. சிபியுவின் விவரம் சொல்லும் சிபியுஐடி கட்டளையில் அதற்கான பிட், ஹைப்பர்வைசர் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், என்னென்ன டைமர் தருகிறது என்று சொல்லாது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வியின் இரண்டாம் தலைமுறை விர்ச்சுவல் மெஷின்களில் பிஐடி என்ற பழைய டைமரே கிடையாது. இன்டர்ரப்ட் நிஜமாகவே வராத ஒரு இடத்தில் சோதனையைத் தாண்டினால், காரணத்தோடு வரும் பேனிக் போய், சத்தமே இல்லாமல் தொங்கும் மெஷின்தான் மிஞ்சும். அது இன்னும் மோசம். உங்கள் ஹைப்பர்வைசருக்கென்று இருக்கும் துவக்க நிரலில் மட்டும் இதை வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

அப்புறம் கேலிபரேஷன், அதாவது ஒரு கடிகாரத்தின் வேகத்தை இன்னொன்றை வைத்து அளப்பது. 1.193182 மெகாஹெர்ட்ஸ் பிஐடியை வைத்து, சிபியுவுக்குள் இருக்கும் டிஎஸ்சி என்ற எண்ணியின் வேகத்தை அளக்கும்போதும் இதே தாமதம் புகுந்து கணக்கைக் கெடுக்கலாம், அதனால் அந்த வேகத்தை ஹைப்பர்வைசரிடமே கேட்டு வாங்குவதுதான் நல்லது. பேட்ச் அதைத் தொடுகிறதா, பாருங்கள்.

சும்மா கிடக்கும் ஹோஸ்டில் சோதித்தால் எல்லாம் பாஸ் ஆகும். ஹோஸ்டில் இருக்கும் சிபியு கோர்களைவிடப் பல மடங்கு விர்ச்சுவல் சிபியுக்களை ஏற்றி, பேட்ச் போட்டும் போடாமலும் திரும்பத் திரும்ப பூட் செய்யுங்கள். நிஜ மெஷினிலும் ஒருமுறை பாருங்கள்.

சீனியர் என்பதற்காக பேட்ச்சில் 'ரிவியூட்-பை' என்ற வரியைப் போட்டுவிடாதீர்கள். நிரலைப் படித்தேன், என் சந்தேகங்கள் தீர்ந்தன என்று உங்கள் பெயரில் கொடுக்கும் வாக்கு அது. ஓட்டிப் பார்த்தது மட்டும்தான் என்றால் 'டெஸ்டட்-பை' போதும். "அண்ணே, ஹைப்பர்-வியில் இது என்ன ஆகும்?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அந்தப் பதிலை அப்படியே பேட்ச்சோடு போகும் விளக்கமான கமிட் மெசேஜிலும் எழுதச் சொல்லுங்கள்.