டகோமாவா, எஃப்-150ஆ?

கேள்வி: டல்லாஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம். வார இறுதியில் மரவேலை, கோடையில் 5,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லரோடு நாலு பேரும் ஊர்சுற்ற ஆசை. டொயோட்டாவின் நடுத்தர டகோமா பிக்கப் போதுமா, ஃபோர்டின் பெரிய எஃப்-150 வேண்டுமா?

பதில்: எஃப்-150 எடுங்கள். இழுக்கிறதைப் பொறுத்தவரை, சரியான மாடலாகப் பார்த்து எடுத்தால் டகோமாவே 6,000 பவுண்டுக்கு மேல் இழுத்துவிடும், சிக்கல் அங்கே இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏறலாம் என்று அதில் போட்டிருக்கும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது உங்களுக்கு 500-லிருந்து 750 பவுண்டு, கொக்கி வழியாக வண்டி மேலேயே உட்காரும். அதோடு நாலு பேர், ஐஸ் பெட்டி, சைக்கிள் என்று கூட்டிப் பாருங்கள், நடுத்தர வண்டியில் அந்த அளவு சீக்கிரமே தீர்ந்துவிடும். இதைப் பார்க்காமல் மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிற விஷயம்.

மரவேலைக்கும் எஃப்-150தான் வசதி. 4 அடி அகல பிளைவுட், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் சக்கர மேடுகளுக்கு நடுவே தட்டையாகப் படுக்கும், டகோமாவில் படுக்காது.

அப்புறம், கராஜை டேப் வைத்து அளந்துவிடுங்கள். நாலு கதவு எஃப்-150, குட்டைத் தொட்டி என்றாலும் 19 அடியைத் தாண்டும்.