வீட்டு ஞாபகமெல்லாம் ஒரே ஆள் தலையில்: கேள்வி பதில்

குடும்ப நல ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இப்படித்தான் தொடங்கும்: “குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், நல்ல மனுஷன்தான், ஆனா...” அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவது தொலைந்த சாவி, கட்டாத பில், மறந்துபோன தேதி. சொல்பவர்களே இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அதனால் இம்முறை இந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (தாம்பரம், வேலைக்குப் போகும் பெண்): கரண்ட் பில், கேஸ் புக்கிங், ஸ்கூல் ஃபீஸ், அவருடைய பிரஷர் மாத்திரை, பைக் சாவி எல்லாம் என் தலையில்தான். “பில்லை நான் கட்டுறேன்” என்றார். கட்டவில்லை, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டால், “நீ ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருக்கலாமே” என்கிறார். நான் கத்தியதுதான் இப்போது வீட்டில் பெரிய குற்றம். அக்கா, தப்பு என்மேலா?

பதில்: இல்லைம்மா. பில் கட்டுவது போனில் இரண்டு நிமிட வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருவதையும், வந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும் என்பதையும் மனதின் ஓரத்தில் வைத்துக்கொண்டே திரிவதுதான் உண்மையான வேலை. “ஞாபகப்படுத்தியிருக்கலாமே” என்று அவர் சொல்லும்போது, அந்த வேலை உங்களுடையது, தான் வெறும் கையாள் என்று சொல்லிவிடுகிறார். உங்கள் கோபம் அதற்குத்தான். இருட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததற்காக யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், அதைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே “நாளைக்கு ஃபீஸ் கடைசி நாளாச்சே” என்று பதறுவதை எந்த நேரக் கணக்கிலும் பிடிப்பது கஷ்டம்.

என்ன செய்யலாம்? ‘உதவி’ கேட்பதை விட்டுவிடுங்கள். ஒரு வேலையை அடி முதல் நுனி வரை கைமாற்றுங்கள். மின் இணைப்பில் பதிவாகியிருக்கும் உங்கள் போன் நம்பரை எடுத்துவிட்டு அவர் நம்பரைக் கொடுங்கள். குறுஞ்செய்தி அவருக்குப் போகட்டும், பணம் அவர் கணக்கிலிருந்து போகட்டும். அவர் தானியங்கியாகக் கட்டும்படி வைத்தாலும் சரி, சம்பள நாளில் கட்டினாலும் சரி, அது அவர் பாடு. நீங்கள் “கட்டியாச்சா?” என்று கேட்கவே கூடாது. கேட்ட நிமிடமே வேலை உங்களிடம் திரும்பிவிடும்.

இதை ஃபியூஸ் போன ராத்திரியில் பேசாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, வயிறு நிறைந்த பிறகு, குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசுங்கள். “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “கரண்ட் பில் இனி முழுக்க உங்களுது. நான் பார்க்க மாட்டேன், கேட்கவும் மாட்டேன்” என்றால் போதும்.

கேள்வி (திருச்சி): இதே மாதிரி எங்கேயோ படித்துவிட்டு நானும் ஞாபகப்படுத்துவதை நிறுத்தினேன். குழந்தையின் தடுப்பூசித் தேதி தள்ளிப்போய்விட்டது. இப்போது எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

பதில்: முதலில் ஊசி. தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தேதி தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். தடுப்பூசி அட்டையோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நம் ஊரில் வழக்கமாகப் புதன்கிழமை போடுவார்கள்.

அப்புறம் இந்த ‘விட்டுப் பார்ப்பது’. மறந்தவருக்கு மட்டும் வலிக்கும் இடத்தில்தான் விட்டுப் பார்க்கலாம். அவர் சட்டை இஸ்திரி, அவர் போன் ரீசார்ஜ், அவர் நண்பரின் கல்யாண மொய். குழந்தையின் உடம்பு, பெரியவர்களின் மருந்து, வீட்டுக் கடன் தவணை இவற்றில் பரீட்சை வைக்கவே கூடாது. கடனுக்கு வங்கியிலிருந்தே பிடிக்கும்படி செய்துவிடுங்கள். கூட்டுக் கடன் என்றால் தவணை தவறும்போது உங்கள் கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்து அடிபடும். உங்களைத் திட்டுபவர்களிடம், “அவருக்கும் அது குழந்தைதானே?” என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி (விருதுநகர்): மாமியார், “ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா, நீதான் பார்த்துக்கணும்” என்கிறார். இத்தனைக்கும் மாமனாரின் வேட்டி எங்கே இருக்கிறது என்பதுகூட அத்தைக்குத்தான் தெரியும்.

பதில்: அத்தையோடு வாதாடி ஜெயிக்க முடியாது, ஜெயித்தும் பயனில்லை. நாற்பது வருஷமாக அவர் அதைத் தன் கடமை என்று சுமந்தவர். அதை யாரும் சுமை என்று அவரிடம் ஒத்துக்கொண்டதில்லை. அந்த வலியும் அந்தப் பேச்சில் இருக்கிறது. பேச வேண்டியது கணவரிடம். அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மகன் மறந்ததை அவர் ஓடிப்போய்ச் செய்யாமல் இருந்தால் போதும்.

கேள்வி (கோவை, ஆண்): எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். மனைவி ஐடி கம்பெனியில் டீம் லீட். ஆபீஸ் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டில் ஆதார் எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்று நான் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வரும். எதற்கெடுத்தாலும் அவள் அம்மாவும் தம்பியும்தான் வந்து காப்பாற்ற வேண்டும். ஆபீஸில் முடிகிறது, வீட்டில் ஏன் முடியவில்லை? அலட்சியம்தானே?

பதில்: அவசரப்பட்டு அலட்சியம் என்று முடிவு கட்டாதீர்கள். ஆபீஸில் காலண்டர் கத்துகிறது, மேனேஜர் கேட்கிறார், கூட வேலை பார்ப்பவர்கள் காத்திருக்கிறார்கள். இத்தனை முட்டுக்கொடுப்பும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. சிரத்தையில்லாதவரும் வீட்டில் சறுக்குவார், உண்மையிலேயே கவனக் குறைபாடு உள்ளவரும் சறுக்குவார், ஆபீஸும் வீடும் சேர்ந்து அலுத்துப்போனவரும் சறுக்குவார்.

அதனால் ஒரு தாளில் இரண்டு பேரும் தனித்தனியே, வீட்டில் தான் நினைவில் வைத்திருப்பவற்றை எழுதுங்கள். பால் கணக்கு, வேலைக்கார அம்மாவின் லீவு, பிள்ளையின் ப்ராஜெக்ட் வரை. அவர் பட்டியல் உங்களுடையதை விட நீளமாக இருந்தால், பிரச்சினைக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். உங்களுடையதுதான் நீளம் என்றால், நான் தாம்பரம் அம்மாவுக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். ஆவணங்களுக்கு, அவற்றை போனிலேயே வைத்துக்கொள்ள உதவும் அரசின் டிஜிலாக்கர் செயலி போதும். ஆதாரை அவர் போனிலேயே ஏற்றிவிடச் சொல்லுங்கள், மீட்டிங் நடுவே போன் வராது.

கேள்வி (மதுரை): என் மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக் குறைபாடும் மிகைப் பரபரப்பும்) என்று டாக்டர் சொன்னார். அறிகுறிகளைச் சொல்லச் சொல்ல, அவர் என் கணவரைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது. பெரியவர்களுக்கும் இது இருக்குமா? இருந்தால், நான் இத்தனை வருஷம் அவரைத் திட்டியது பாவமா?

பதில்: இருக்கும். குடும்பத்தில் வழிவழியாக வரும் தன்மை இதற்கு அதிகம். பிள்ளையைக் காட்டப் போய் அப்பாவுக்கும் தெரியவருவது மருத்துவர்களுக்குப் பழக்கமான கதை. உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, பெரியவர்களுக்குக் கவனக்குறைவு அறிகுறிகளிலோ, பரபரப்பு அறிகுறிகளிலோ குறைந்தது 5 இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தொந்தரவு தர வேண்டும். சின்ன வயதில் அவர் எப்படி இருந்தார் என்று உங்கள் அத்தையைக் கேளுங்கள். டிபன் பாக்ஸையும் குடையையும் தொலைத்துவிட்டு வந்த பையனா?

நடுவயதில் புதிதாக மறதி வந்தால் அது வேறு. தைராய்டு, சரியில்லாத தூக்கம், மனச்சோர்வு, குடி இவற்றைப் பார்க்க வேண்டும். எனவே ரீல்ஸ் பார்த்து முடிவு செய்யாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள், பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது.

பாவமெல்லாம் இல்லை. தெரியாமல் திட்டினீர்கள். ஆனால் பெயர் தெரிந்துவிட்டதால் அவர் பொறுப்பு குறைந்துவிடாது. கண் பார்வை மங்கலானவர் கண்ணாடி போட்டுக்கொள்வது போல, இவரும் தனக்கு வேண்டிய ஏற்பாட்டைத் தானே செய்துகொள்ள வேண்டும். என்னிடம் வந்த ஒரு தம்பதி கதவுக்கு உள்பக்கம், கைப்பிடிக்கு மேலே ஒரு கொக்கி அடித்தார்கள். அதற்குக் கீழே ஷூ ஸ்டாண்டின் மேல் ஒரு பழைய எவர்சில்வர் தட்டு. சாவி கொக்கியில், பர்ஸும் கண்ணாடியும் தட்டில். ஷூவைக் கழற்றும் முன் கை காலியாக வேண்டும், அவ்வளவுதான் விதி. அதற்கு முன் அலமாரிக்குள் அழகாக ஒரு பெட்டி வைத்திருந்தார் மனைவி. அது பலிக்கவில்லை. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பலருக்குக் கண்ணில் படாதது இல்லாததற்குச் சமம். கொக்கியை அடித்தது கணவர் என்பதையும் சொல்ல வேண்டும், அதனால்தான் அது நிலைத்தது.

கேள்வி (சேலம்): நான் மனைவி இல்லை, தங்கை. அண்ணனின் வருமான வரியிலிருந்து இன்சூரன்ஸ் வரை நான்தான் பார்க்கிறேன். அண்ணியும் “நீ சொன்னாத்தான் கேப்பார்” என்று ஒதுங்கிவிட்டார்.

பதில்: மே மாதமே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, இந்த வருஷத்திலிருந்து ஆடிட்டரிடம் கொடுத்துடு.” வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31. தவறினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை, வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. அது அவர் பையிலிருந்து போகட்டும். ஜூலை 30 ராத்திரி போன் வந்தால் எடுத்து அன்பாகப் பேசுங்கள், லேப்டாப்பை மட்டும் திறக்காதீர்கள்.

கேள்வி (ஊர் வேண்டாம், ஆண்): நான்தான் அந்தக் கணவன். எல்லாவற்றையும் மறப்பவன். எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது மனைவி திட்டுவதுகூட இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: எழுதியதற்கு நன்றி தம்பி. இதை எழுதுவதற்கே மனசு வேண்டும். திட்டுவது நின்றுபோனதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களிடம் எதிர்பார்ப்பதையே விட்டுக்கொண்டிருக்கலாம். இன்னும் நேரம் இருக்கிறது.

இனி மன்னிப்பு வேண்டாம், சபதமும் வேண்டாம். “இனிமே ஒழுங்கா இருப்பேன்” என்பதை மூளையால் பிடித்துக்கொள்ள முடியாது. ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போடுவதைப் பிடித்துக்கொள்ளும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ராத்திரி பல் தேய்த்ததும் நாளைய காலண்டரைப் பார்ப்பேன். சம்பளம் வந்த செய்தியைப் பார்த்ததும் பில்களைக் கட்டிவிட்டுத்தான் போனைக் கீழே வைப்பேன். இப்படி, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். ஒரு பொருளைக் காணோம் என்றால், மூன்று இடத்தில் தேடிவிட்டுத்தான் “எங்கே?” என்று கேட்பது.

ஒரே ஒரு வேலையை எடுத்து, யாரும் சொல்லாமல் மூன்று மாதம் செய்யுங்கள். செய்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள், அவர் கவனிப்பார். எந்த வேலை என்பதை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். “நான் எதை எடுத்துக்கட்டும்?” என்று கேட்டால், யோசிக்கும் வேலை மறுபடியும் அவர் தலையில்தான் விழும். வீட்டைச் சுற்றிப் பாருங்கள், காலி சிலிண்டர் ஒன்று எங்காவது நிற்கும்.