டிஷ்ஷை நிறுத்திவிடலாமா?

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்து, இனி எல்லாம் ஆப்பிலேயே வரும், டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் வேண்டாம் என்கிறான். ஆனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால், மாலை ஏழு மணிக்கு மேல் படம் நின்று வட்டம் சுற்றுகிறது. என் மாமியாருக்கோ நாடகம் தவறக் கூடாது. டிஷ்ஷை நிறுத்திவிடலாமா?
- வாசகி, பாலக்கோடு வட்டம்

பதில்: இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். டிஷ்ஷுக்கு வரும் அலைகள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக வருபவை. ஒரு வீடு பிடித்தாலும் ஒரு லட்சம் வீடுகள் பிடித்தாலும் யாருக்கும் குறைவதில்லை. கனமழையில் மட்டும் நீர்த்துளிகள் அந்த அலைகளை உறிஞ்சிக்கொள்வதால் சற்று நேரம் படம் போகும். இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்பியாக வேண்டும். நாடகத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் சர்வரில் வைத்திருப்பார்கள். உங்கள் டிவி இணைய வேகத்தைப் பார்த்துப் பார்த்து அடுத்த துண்டைக் கேட்டு வாங்கும். தோட்ட வேலை முடிந்து ஊரே போனைக் கையில் எடுக்கும் நேரத்தில் ஒரே டவரை எல்லோரும் பங்கு போடுவதால், முதலில் படம் மங்கும். மிகக் குறைந்த தரத் துண்டும் வந்து சேராதபோது வட்டம் சுற்றும். டிவியில் குறை இல்லை.

ஃபுல் எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை செலவாகும் என்பதால், நாளுக்கு 2 ஜிபி தரும் பேக் முக்கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆப்பின் அமைப்புகளில் தரத்தை 480க்கு இறக்கினால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபியோடு நிற்கும். உங்கள் கேபிள்காரர் டவரை நம்பாமல் கம்பி வழியே இணையம் தரும் பைபர் இணைப்பும் தருகிறாரா என்று விசாரியுங்கள். அது வீட்டுக்கு வந்த பிறகு மகன் சொல்வதைக் கேட்கலாம்.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரூரில் என் பெரியம்மா ரிமோட்டின் மூன்று பொத்தான்கள் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறார். எழுத்துத் தெரியாத அவருக்கு அந்த மூன்றே போதும். ஆப்பில் அவர் ஒவ்வொரு முறையும் பேரனைத் தேட வேண்டியிருக்கும். முதியவர் ஒருவர் யாரையும் கேட்காமல் தன் நாடகத்தைப் பார்த்துக்கொள்வது சிறிய விஷயமல்ல. மாதச் செலவுதான் கவலை என்றால், 2004இல் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை இருக்கிறது. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணம் கிடையாது. பொதிகையாக இருந்து 2024இல் பெயர் மாறிய டிடி தமிழ் அதில் வரும். ஆனால் கட்டணத் தமிழ்ச் சேனல்கள் வராது. ஆகவே மாமியாரின் நாடகம் எந்தச் சேனலில் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கிரிக்கெட்டை ஆப்பில் பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் விக்கெட் என்று கூவிய பிறகுதான் என் திரையில் பந்தே வீசப்படுகிறது. ஏன்?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: அவர்கள் டிஷ்ஷிலோ கேபிளிலோ பார்க்கிறார்கள். மேலே சொன்ன துண்டுகள் தயாராகி, அவற்றில் சிலவற்றை முன்கூட்டியே சேமித்துக்கொண்டு ஆப் ஓடத் தொடங்குவதால், பல விநாடிகள் பின்தங்கும். வேகமான இணைப்பிலும் இந்தத் தாமதம் முற்றிலும் மறையாது. பந்தயத்தை மட்டுமாவது டிஷ்ஷில் பாருங்கள். இல்லையென்றால் போனில் வரும் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்து வையுங்கள்.