லினக்ஸில் ஒரு புரோகிராம் தொங்கிவிட்டால் அதை அந்த நொடியே கொல்லும் ‘கில் -9’ கட்டளையை நேராகப் போடலாமா?

போடாதீர்கள். கடைசியில் வேறு வழியே இல்லையென்றால் மட்டும்தான் அது.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு சர்வர் வேலை பார்க்கிறேன். சீசனில் பெங்களூரா மாங்காய் லாரிகள் ராத்திரி முழுக்க வரிசை கட்டி நிற்கும். எடைமேடையில் தரும் சீட்டைக் காட்டினால்தான் விவசாயிக்குப் பணம். அந்தச் சீட்டைப் பதிவு செய்யும் புரோகிராம் தொங்கினால் ஆளாளுக்கு அவசரப்படுத்துவார்கள். அப்போதுதான் நிதானம் வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைத்தான் பிராசஸ் என்பார்கள். ‘கில்’ என்று அடித்து பிராசஸ் எண்ணை மட்டும் கொடுத்தால் அதற்குப் போவது ‘முடித்துக்கொள்’ என்று சொல்லும் 15ஆம் சிக்னல், அதாவது சிக்டெர்ம். ஒழுங்காக எழுதிய புரோகிராம் அதைப் பிடித்து, பாதியில் நிற்கும் பதிவை முடித்து, ஃபைலை மூடிவிட்டு வெளியேறும். 9ஆம் சிக்னலான சிக்கில்லைப் பிடிக்கவே முடியாது. லினக்ஸின் மையமான கெர்னலே கதையை முடித்துவிடும். புரோகிராம் தன் பஃபரில், அதாவது தற்காலிக மெமரியில், வைத்திருந்து இன்னும் எழுதாத சீட்டு போனது போனதுதான்.

15 போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். புரோகிராம்களை ஓட்டி நிறுத்தும் கருவிகளான டாக்கர் வழக்கமாக 10 வினாடியும் சிஸ்டம்-டி 90 வினாடியும் காத்திருந்த பிறகுதான் 9 அனுப்புகின்றன.

அப்போதும் போகவில்லையா? பிராசஸ்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கட்டளை காட்டும் ஸ்டாட் (நிலை) பத்தியைப் பாருங்கள். டிஸ்க் என்பதன் முதல் எழுத்தான ‘டி’ இருந்தால், அது டிஸ்கோ நெட்வொர்க் டிரைவோ பதில் தரக் காத்திருக்கிறது. பெரும்பாலும் 9க்கும் அசையாது. கேபிளையும் டிரைவையும் போய்ப் பாருங்கள். ‘இசட்’ இருந்தால் அது ஏற்கெனவே செத்துவிட்டது. அதன் தாய் பிராசஸ்தான் கணக்கை முடிக்காமல் வைத்திருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் ஓடும் இடத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. ஒரே ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்ட கேள்வி) தொங்குகிறதே என்று அதன் பிராசஸுக்கு 9 போட்டால், எல்லா இணைப்புகளும் பகிரும் பொது மெமரி கெட்டிருக்கக்கூடும் என்று டேட்டாபேஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும் ரெக்கவரிக்குப் போய்விடும். ஒரு கவுண்டரின் சிக்கலுக்கு எல்லா எடைமேடையும் நிற்கும். பிஜி-கேன்சல்-பேக்எண்ட் என்ற ஃபங்ஷனை முதலில் கூப்பிடுங்கள்; அது அந்த குவெரியை மட்டும் நிறுத்தும்.

பெயரைச் சொல்லி நிறுத்தும் ‘பி-கில்’ வசதிதான். ஆனால் பெயரில் ஒரு பகுதி பொருந்தினாலே அது பாய்ந்துவிடும். அதே பெயரை முதலில் ‘பி-கிரெப்’ போட்டுப் பாருங்கள், எவையெல்லாம் சிக்கும் என்று பட்டியலிலேயே தெரிந்துவிடும்.