கீமோ முடிந்து மலைக்குத் திரும்பிய பிறகு போனில் எதைச் சொல்ல வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். கோவையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் ஏற்றி, கேப்சிடபின் மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார்கள். தினமும் உடல்நிலையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார் நர்ஸ். இதனால் பயன் உண்டா? எதை எழுதுவது? இங்கே சிக்னல் வந்து வந்து போகும்.
- வாசகி, கோத்தகிரி

பதில்: நிச்சயம் பயன் உண்டு. நியூயார்க்கில், புற்றுநோய் உடலில் பரவிய 766 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. தொந்தரவுகளை இணையம் வழியே தெரிவித்து வந்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். இந்த மாதக் கணக்கை அப்பாவோடு பொருத்திப் பார்க்காதீர்கள். தொந்தரவு முற்றுவதற்குள் நர்ஸுக்குத் தெரிந்துவிடுகிறது, அதுதான் முக்கியம்.

ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர் பட்டாலே விரல் சுரீர் என்னும், தொண்டை இறுகுவதுபோல் இருக்கும். கோவையில் இருப்பவருக்கு ஃபிரிட்ஜைத் திறந்தால்தான் இந்தத் தொல்லை. உங்களுக்கோ காலையில் குழாயைத் திறந்தாலே போதும். அதனால் கையுறை, மப்ளர், குடிக்க வெந்நீர். "கை மரத்துப்போகிறது" என்று மட்டும் எழுதினால் நர்ஸுக்கு ஒன்றும் புரியாது. குளிர் பட்டால் மட்டுமா, எப்போதுமேவா? ஸ்வெட்டர் பட்டனை அவரே போட்டுக்கொள்கிறாரா? அடுத்த ஊசி நெருங்கியும் மரப்பு போகவில்லையென்றால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நாள்பட நீடிக்கக்கூடும். அப்பாக்கள் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

பேதியை எண்ணிக்கையில் சொல்லுங்கள். ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாகப் போனால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்பே போன் செய்து கேளுங்கள். உள்ளங்கை, பாதம் சிவந்தாலோ உரிந்தாலோ ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரைக் குளிர்ந்த விரலில் மாட்டினால் தப்பாகக் காட்டும். கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

காய்ச்சல் மட்டும் மெசேஜில் போகவே கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, குளிர்நடுக்கம் வந்தாலோ உடனே கூப்பிடுங்கள். கீமோவுக்குப் பிறகு, பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில், வெள்ளையணு இறங்கிக் கிடக்கும்போது கிருமித்தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிடாதீர்கள். டீ குடித்த உடனே வாயில் தெர்மாமீட்டர் வைக்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத வாந்தி என்றாலும் அழைப்புதான்.

சிக்னல் இல்லையா? காத்திருக்க வேண்டாம். விடியட்டும், பனிமூட்டம் விலகட்டும், மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நேராகக் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ரத்த அணு பரிசோதனையையும் ஆன்டிபயாட்டிக் ஊசியையும் மேலேயே தொடங்கிவிட வேண்டும்.

இன்றே ஒன்று செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துப் பெயர்கள், கடைசியாக ஊசி ஏற்றிய தேதி, கோவை மருத்துவமனையின் இரவு நேர எண் எல்லாவற்றையும் படமெடுத்து, உங்கள் போனிலும் அப்பா போனிலும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் கிடந்தால் அவசரத்துக்குத் திறக்காமல் போகலாம், கேலரியில் சேமித்துவிடுங்கள். டியூட்டி டாக்டரிடம் அதைக் காட்டி, "கீமோவில் இருக்கிறார், காய்ச்சல்" என்று முதலில் சொல்லுங்கள்.